இரத்தத்தைத் தண்ணியாக்காத குளிசை

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கத்தில் மாரடைப்பு வந்து தப்பியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். கிளினிக்கில் தருகிற அந்தச் சின்னக் குளிசைக்கு அவர்கள் வைத்திருக்கிற பெயர் ஒன்றுதான்: "இரத்தத்தைத் தண்ணியாக்கிற குளிசை". மருந்துச் சிட்டையில் குளோபிடோக்ரெல் 75 மில்லிகிராம் என்று இருக்கும். அந்தப் பெயர் யாருக்கும் வாயில் நுழைவதில்லை. தண்ணியாக்கிற குளிசை என்பது எல்லோருக்கும் விளங்குகிறது. அது பிழையாக விளங்குவதுதான் என் கவலை.

என் மாமாவுக்கு இரணைமடுவுக்குக் கீழே வயல். இதய நாடிக்குள் ஸ்டென்ட் என்ற உலோக வலை வைத்து ஐந்தாவது மாதம், சிறுபோகத்துக்கு வாய்க்கால் துப்புரவாக்கும்போது மண்வெட்டி காலில் பட்டுவிட்டது. பெரிய வெட்டில்லை. பெருவிரலுக்குப் பக்கத்தில் ஒரு அங்குலம் இருக்கும். ஆனால் இரத்தம் நிற்கவில்லை. சாரத்து ஓரத்தைக் கிழித்துக் கட்டினார், அது நனைந்தது. அவிழ்த்துப் பார்த்தார், திரும்பவும் கட்டினார், அதுவும் நனைந்தது. வரம்பில் அப்படியே அரை மணித்தியாலத்துக்கு மேல் இருந்திருக்கிறார். வீட்டுக்கு வந்து தானாகவே ஒரு முடிவெடுத்தார். எட்டு நாள் கழித்து மாமி தொடாமல் கிடந்த குளிசை அட்டையைக் காட்டியபோதுதான் எனக்குத் தெரியவந்தது. கேட்டதற்கு, "இரத்தம் நல்லாத் தண்ணியாப் போச்சு தம்பி, கொஞ்சம் தடிக்கட்டும் எண்டு விட்டனான்" என்றார்.

அவருடைய நியாயத்தில் ஓட்டை இல்லை. ஒன்று தண்ணியாகிப் போனால் கொஞ்சம் தடிக்கவிடுவது சரிதானே. கஞ்சிக்கும் குழம்புக்கும் அதுதான் வழி. ஆனால் இந்தக் குளிசை இரத்தத்தின் தடிப்பைத் தொடுவதே இல்லை. குளிசை போடுகிறவரின் இரத்தமும் போடாதவரின் இரத்தமும் நாடிக்குள் ஒரே மாதிரித்தான் ஓடும். குளிசை போய்ச் சேருகிற இடம் ஒரு புரதம். இரத்தத்திலுள்ள ஒரு வகைச் சின்னஞ்சிறு உருப்படியின் மேலே உட்கார்ந்திருக்கிற அந்தப் புரதத்துக்கு பி2வை12 என்று பெயர். அதை எழுதிவைத்திருக்கிற பரம்பரையலகு பி2ஆர்வை12.

சின்னஞ்சிறு உருப்படி என்றது குருதிச் சிறுதட்டை. டெங்கு புண்ணியத்தில் "பிளேட்லெட்" என்ற சொல் இன்று எல்லா வீட்டிலும் இருக்கிறது. ஒரு மைக்ரோலீற்றர் இரத்தத்தில் ஒன்றரை இலட்சம் முதல் நாலரை இலட்சம் வரை இருக்கவேண்டும் என்பதும் பலருக்குத் தெரியும். என்பு மச்சையில் இருக்கிற பெரிய கலங்களிலிருந்து பிய்ந்து வரும் துண்டுகள் இவை. குறுக்களவு இரண்டு மூன்று மைக்ரோமீற்றர். கரு கிடையாது. ஏழிலிருந்து பத்து நாள் வரை வாழ்ந்துவிட்டுப் போகின்றன. உடம்பு ஒரு நாளைக்கு ஏறத்தாழ பத்தாயிரம் கோடி சிறுதட்டுகளைப் புதிதாக விடுகிறது. கரு இல்லை என்பதையும் ஏழு பத்து நாள் ஆயுள் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மாமாவின் கதை அந்த இரண்டிலும்தான் தொங்குகிறது.

இவற்றின் வேலையை வன்னியில் இருக்கிறவர்களுக்குச் சொல்வது சுலபம். குளக்கட்டு கசிகிறபோது என்ன நடக்கும்? 2018 மார்கழி வெள்ளத்தைக் கண்டவர்களுக்கு அந்த இரவு மறந்திருக்காது. கட்டில் ஒரு இடம் கரைகிறது. முதலில் காண்கிறவன் அங்கேயே நிற்கிறான், ஓடிப்போவதில்லை. சத்தம் வைக்கிறான். கேட்டவன் மண்மூட்டையோடு வருகிறான், வருகிற வழியில் அவனும் சத்தம் வைக்கிறான். அதைக் கேட்டு இன்னும் நாலு பேர். சனம் திரளுவது முதலாவது ஆளின் பலத்தால் இல்லை, சத்தம் கைமாறிக் கைமாறிப் போவதால்.

இரத்தக் குழாயின் உட்சுவர் கிழிந்தால் உள்ளேயிருக்கிற கொலாஜன் நார் வெளியே தெரியும். ஓடிக்கொண்டிருந்த சிறுதட்டு அதில் ஒட்டிக்கொள்ளும். ஒட்டியதும் தன் வயிற்றுக்குள் பொட்டலம் கட்டி வைத்திருந்த ஏடிபி என்ற பொருளை வெளியே கொட்டும். காயத்தில் உடைந்த செங்குழியங்களிலிருந்தும் அதே ஏடிபி கசியும். அதுதான் சத்தம். பக்கத்தில் போகிற சிறுதட்டுகள் அதைக் கேட்டுத் திரும்புகின்றன, தங்கள் ஏடிபியையும் கொட்டுகின்றன.

கேட்பதற்குக் காது வேண்டும். ஏடிபியைக் கேட்கச் சிறுதட்டுக்கு இரண்டு காது. பாடப்புத்தகத்தில் இவற்றை வாங்கி என்பார்கள். ஒன்று பி2வை1. அது கேட்டால் சிறுதட்டுக்குள் கல்சியம் எழும்பும், தட்டையாக இருந்தது முள்ளு முள்ளாக உருமாறும். திடுக்கிட்டுத் திரும்பிப் பார்ப்பது மாதிரி. அந்தக் காது மட்டும் வேலை செய்தால் கூடுகிற கூட்டம் சீக்கிரம் கலைந்துவிடும். கூட்டத்தைக் கலையாமல் கட்டிவைப்பது இரண்டாவது காதான பி2வை12.

அது செய்கிற வேலை எனக்கு மிகவும் பிடித்தது, அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். நல்ல நிலையில் இருக்கிற குழாய்ச் சுவர் எந்த நேரமும் சிறுதட்டுகளுக்கு ஒரு செய்தி அனுப்பிக்கொண்டே இருக்கும்: ஒன்றுமில்லை, கூட வேண்டாம், போய்க்கொண்டே இருங்கள். அந்தச் செய்தி சிறுதட்டுக்குள் வட்ட ஏஎம்பி என்ற மூலக்கூறாக நிற்கும். வட்ட ஏஎம்பி நிறைந்திருக்கும்வரை சிறுதட்டு அமைதி. பி2வை12க்கு ஏடிபி கேட்டதும், உள்ளே அந்த வட்ட ஏஎம்பி செய்கிற நொதியத்தை அது அடக்குகிறது. அமைதிக் கட்டளை தளர்கிறது. அதாவது பி2வை12 புதிதாக ஒன்றைத் தூண்டுவதைவிட, பிடித்து வைத்திருக்கிற கையை விடுவிக்கிறது என்று சொல்வதே பொருத்தம். கை விலகியதும் சிறுதட்டின் மேற்பரப்பில் மடங்கிக் கிடந்த இன்னொரு புரதம் விரியும். இரத்தத்தில் மிதக்கிற பைபிரினோஜன் அதில் கொளுவிக்கொள்ளும். ஒரு சிறுதட்டும் அடுத்ததும் கைகோத்த மாதிரி. இப்போதுதான் மண்மூட்டை உண்மையில் அடுக்கப்படுகிறது.

இந்தக் காதின் எழுத்து மூன்றாம் நிறமூர்த்தத்தின் நீளக் கையில் இருக்கிறது. அந்த மற்றக் காதான பி2வை1இன் எழுத்தும் அதே நிறமூர்த்தத்தில், கிட்டத்திலேயே. பி2வை12 என்பது 342 அமினோவமிலங்கள் கோத்த ஒரு சங்கிலி. கிடுகு வேலியில் கட்டுக்கயிறு உள்ளும் புறமுமாக ஓடுகிற மாதிரி, சிறுதட்டின் மென்சவ்வை அது ஏழு தரம் ஊடுருவிப் போகிறது. வெளியே தெரிகிற வளைவுகள் ஏடிபியைப் பிடிக்கும், உள்ளே தொங்குகிற பகுதி சேதியைக் கடத்தும். இதன் முப்பரிமாண வடிவம் 2014இல்தான் வெளியானது.

ஆனால் மருந்து அதற்கு எவ்வளவோ முந்தியது. இந்த வரலாற்றில் என்னை இழுத்துப் பிடித்ததும் அதுதான். 1960, 61இல் நோர்வேயில் ஒரு குழு, சிறுதட்டுகளை ஒட்டவைக்கிற பொருள் செங்குழியத்திலிருந்து வருவதைக் கண்டு, அது ஏடிபி என்று பிடித்தது. சத்தம் பிடிபட்டது, காது பிடிபடவில்லை. 1970களில் பிரான்சில் வீக்கத்துக்கு மருந்து தேடியவர்கள் செய்த ஒரு சேர்மம், வீக்கத்தை விட்டுவிட்டுச் சிறுதட்டுகள் கூடுவதைத் தடுத்தது. அதுதான் ரிக்ளோபிடின். அதைச் சோதனைக் குழாயில் இரத்தத்தோடு கலந்தால் ஒன்றும் நடக்காது. விலங்குக்குக் கொடுத்துவிட்டு அதன் இரத்தத்தை எடுத்தால் சிறுதட்டுகள் கூடாது. உடம்புக்குள் போனபின் ஏதோ அதை மாற்றுகிறது என்பது தெரிந்தது. எங்கே போய் ஒட்டுகிறது என்பது தெரியவில்லை. ரிக்ளோபிடின் 1978இல் விற்பனைக்கு வந்தது. வெண்குழியங்களைக் குறைக்கிற பக்கவிளைவு அதில் இருந்தது. அதன் தம்பிதான் நம் குளோபிடோக்ரெல். 1996இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில் 19,185 நோயாளர்களிடம் அதை அஸ்பிரினோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அடுத்த வருடம் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

காது கண்டுபிடிக்கப்பட்டது 2001இல். கலிபோர்னியாவில் பமேலா கொன்லி, டேவிட் ஜூலியஸ் ஆகியோரின் குழுக்கள் சேர்ந்து செய்த வேலை. எலியின் சிறுதட்டுகளில் கரு இல்லாவிட்டாலும் பழைய ஆர்என்ஏ துண்டுகள் கொஞ்சம் மிச்சம் கிடக்கும். அவற்றின் பிரதிகளைக் கூறு கூறாகப் பிரித்துத் தவளை முட்டைக்குள் ஊசியால் ஏற்றினார்கள். பிறகு ஏடிபியைக் காட்டினார்கள். எந்த முட்டை மின்சாரத்தால் பதில் சொல்கிறதோ அந்தக் கூற்றுக்குள் காது இருக்கிறது. கூறைப் பாதியாக்கி, திரும்பப் பாதியாக்கி, கடைசியில் ஒன்றே ஒன்றில் போய் நின்றார்கள். வைக்கோல் போரில் விழுந்த மோதிரத்தைத் தேடுகிற பொறுமை இது. அதே ஜூலியஸ்தான் மிளகாயின் எரிவை உணர்கிற வாங்கியை 1997இல் கண்டவர், 2021இல் நோபல் பரிசு பெற்றவர். செத்தல் மிளகாய் காயப்போடுகிற முற்றங்கள் உள்ள ஊரில் இருந்துகொண்டு இதை வாசிக்கும்போது ஒரு சந்தோசம் வரத்தான் செய்கிறது.

பிடித்தது சரியான காதுதானா என்று உறுதிசெய்ய அவர்களுக்கு ஒரு மனிதரின் உதவி கிடைத்தது. பிறப்பிலிருந்தே சிறுதட்டுகள் ஏடிபிக்குச் சரியாகப் பதில் சொல்லாத நோயாளி ஒருவர். அவருடைய பி2ஆர்வை12இல் இரண்டு எழுத்து விடுபட்டிருந்தது. இரண்டு எழுத்து போனதால் அதற்குப் பின்னால் வாசிப்பு முழுக்கக் குழம்பி, புரதம் பாதியில் நின்றுவிட்டது. இப்படியானவர்களைப் பற்றி 1992இலிருந்து மருத்துவ ஏடுகளில் வந்திருக்கிறது. மிக மிக அரிது. அடிபடாமலே நீலம் பாரிக்கும், மூக்கால் இரத்தம் வரும், பல்லுப் பிடுங்கினால் நிற்காது, பெண்களுக்கு மாதவிலக்கு அளவுக்கு மிஞ்சிப் போகும். தாய் தகப்பன் இரண்டு பக்கத்திலிருந்தும் பழுதான பிரதி வந்தால்தான் பெரும்பாலும் நோய் தெரியும் என்பதால், மச்சான் மச்சாள் கட்டுகிற குடும்பங்களில் இப்படியான ஒதுங்கிய குறைகள் வெளிப்பட இடம் கூட. எங்கள் ஊர்களில் ஒரு பிள்ளைக்குச் சின்ன வயதிலிருந்தே இரத்தம் நிற்கத் தாமதமானால் "உடம்பு வாகு" என்று விட்டுவிடுகிறோம். அதை ஒரு வைத்தியரிடம் சொல்லவேண்டும்.

அவர்களுடைய இரத்த அறிக்கையில் சிறுதட்டு எண்ணிக்கை சரியாகவே இருக்கும். இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. மாமாவும் காயத்துக்குப் பிறகு காசு கட்டி ஒரு இரத்தப் பரிசோதனை செய்திருந்தார். பிளேட்லெட் இரண்டு இலட்சத்துக்கு மேல். "எல்லாம் சரியெண்டு போட்டிருக்கு, பிறகேன் இரத்தம் நிக்கேல்லை?" என்று அவருக்குக் குழப்பம். அந்த அறிக்கை தலைகளை எண்ணுகிறது. எத்தனை பேருக்குக் காது கேட்கிறது என்று எண்ணுவதில்லை.

சரி, குளிசை உடம்புக்குள் என்ன செய்கிறது? விழுங்கியதில் பெரும்பகுதி, நூற்றுக்கு எண்பத்தைந்து அளவில், பெரும்பாலும் ஈரலிலுள்ள வேறு நொதியங்களால் ஒன்றுக்கும் உதவாததாக உடைந்துபோகும். மிச்சம் ஈரலில் இரண்டு படியாக மாறி, ஒரு கொளுக்கி முளைத்த மூலக்கூறாக வெளியே வரும். அந்தக் கொளுக்கி பி2வை12இல் இருக்கிற சிஸ்ரீன் என்ற அமினோவமிலத்தோடு கந்தகப் பிணைப்புப் போட்டுக்கொள்ளும். பிறகு கழராது. வேறொரு கலமாக இருந்தால் புதுக் காது செய்துகொள்ளும். சிறுதட்டுக்குக் கரு இல்லையே, எதை வாசித்துச் செய்யும்? சாகும்வரை செவிடுதான். ஆனால் கொளுக்கி மூலக்கூறு இரத்தத்தில் கொஞ்ச நேரமே நிற்கும். நாளைக்குப் பிறக்கிற பத்தாயிரம் கோடியும் நல்ல காதோடுதான் வரும். அதனால்தான் தினமும் ஒன்று.

மாமாவின் எட்டு நாளை இப்போது கணக்குப் பாருங்கள். நிறுத்திய முதல் நாள் ஒன்றும் தெரியாது. ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு சிறுதட்டு மாறுகிறது. ஐந்து நாளிலிருந்து ஒரு கிழமைக்குள் கூட்டம் கூடுவதற்குத் தேவையான அளவு காதுகள் திரும்பிவிடும். எட்டாம் நாள் அவருடைய இரத்தம் கிட்டத்தட்டக் குளிசையே போடாதவரின் இரத்தம். இதயத் தசைக்கு இரத்தம் கொண்டுபோகிற முடியுரு நாடிக்குள்ளோ ஒரு உலோக வலை இருக்கிறது. அதன்மேல் உடம்பின் சொந்தத் தோல் படர்ந்து மூட மாதக்கணக்காகும். மூடாத உலோகம் சிறுதட்டுக்கு ஒரு காயம் மாதிரி. ஒன்று ஒட்டினால் சத்தம் வைக்கும். இந்த முறை கேட்கிற காதுகள் நிறைய. வெளியே இரத்தத்தை நிறுத்துகிற அதே வேலை உள்ளே நாடியை அடைக்கிறது. ஸ்டென்ட் அடைபட்டால் வருவது சாதாரண நெஞ்சுநோ அல்ல, உயிரைக் கொண்டுபோகக்கூடிய மாரடைப்பு. அதுவும் ஏ9 வீதியில் இருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீற்றர் உள்ளே கிரவல் ரோட்டு முடிவில், இரவில்.

கூடவே அஸ்பிரின் ஏன் என்றும் கேட்பார்கள். சிறுதட்டு ஏடிபி தவிர இன்னொரு சத்தமும் வைக்கும், அதற்கு துரொம்பொக்சேன் என்று பெயர். அஸ்பிரின் அதைச் செய்கிற வாயைக் கட்டுகிறது, குளோபிடோக்ரெல் கேட்கிற காதை அடைக்கிறது. இரண்டையும் போட்டாலும் கொலாஜன், துரொம்பின் வழிகள் திறந்தே இருக்கின்றன, இரத்தம் உறைந்து வலை பின்னுகிற வேலையும் தன்பாட்டில் நடக்கும். மாமாவுக்குக் கடைசியில் இரத்தம் நின்றது அதனால்தான். நேரம் மட்டும் எடுத்தது. அவர் ஐந்து நிமிடத்துக்கொரு தரம் அவிழ்த்துப் பார்க்காமல் சுத்தமான துணியால் பதினைந்து இருபது நிமிடம் விடாமல் அழுத்திப் பிடித்திருந்தால் இன்னும் சீக்கிரம் நின்றிருக்கும்.

ஈரல் மாற்றித் தந்தால்தான் குளிசை வேலை செய்யும் என்றேனே, அதில் நம்மவர்களுக்கு ஒரு சிக்கல் இருக்கிறது. அந்த மாற்றத்தில் முக்கிய பங்கு சிவைபி2சி19 என்ற நொதியத்துக்கு. அதன் பரம்பரையலகில் ஒரு மாற்றம் இருந்தால் நொதியம் வேலை செய்யாது. இந்த மாற்றம் ஐரோப்பியரைவிடத் தெற்காசியரிடம் ஏறத்தாழ இரண்டு மடங்கு காணப்படுகிறது. இரண்டு பிரதியும் பழுதானவர்களிடம் குளிசையின் பலன் குறைவு என்று அமெரிக்க மருந்து நிர்வாகம் 2010இல் பெட்டி கட்டி எச்சரிக்கை போட்டது. அவர்களுக்குப் பிரசுக்ரெல், ரிக்கக்ரெலோர் என்று வேறு மருந்துகள் உண்டு. ரிக்கக்ரெலோருக்கு ஈரலின் உதவி வேண்டியதில்லை. அது காதில் ஒட்டாமல் வந்து போகிறது, ஆகவே நாளுக்கு இரண்டு தரம். சிலருக்கு மூச்சு முட்டுகிற மாதிரி இருக்கும்.

பரம்பரையலகுப் பரிசோதனை நம் கிளினிக் வரிசையில் நின்று எடுக்கிற ஒன்றல்ல. ஆனால் அதே நொதியத்தை நாங்களே கையால் முடக்குகிற வழி ஒன்று இருக்கிறது, அதைத் தடுக்கலாம். இங்கே யாருக்கு காஸ்ரைற் இல்லை? நெஞ்செரிவு என்றதும் பாமசியில் ஒமெப்ரசோல் வாங்கிப் போடுகிறோம். ஒமெப்ரசோல் சிவைபி2சி19ஐ அடக்கும். குளோபிடோக்ரெலோடு சேர்த்துப் போடவேண்டாம் என்ற எச்சரிக்கை 2009இலேயே வந்துவிட்டது. வயிற்றுக்குப் பாதுகாப்பு வேண்டும்தான், அதற்கு பன்ரப்பிரசோல் போல இந்த நொதியத்தை அவ்வளவாகத் தொடாத மருந்தை வைத்தியர் எழுதித் தருவார். பாமசியில் வாயால் கேட்டு வாங்கும்போது கிளினிக் கொப்பியையும் காட்டினால் போதும்.

கொப்பியைக் காட்டவேண்டிய இடங்கள் இன்னும் உண்டு. பல்லுப் பிடுங்கப் போகும்போது நீங்களே குளிசையை நிறுத்திவிட்டுப் போகாதீர்கள். பெரும்பாலும் நிறுத்தாமலே, பிடுங்கிய இடத்தில் பஞ்சு வைத்து அழுத்திச் சமாளிப்பார்கள். டெங்குக் காய்ச்சல் வந்தால் நிலைமை வேறு. எண்ணிக்கை இறங்குகிறது, இருப்பவையும் செவிடு. குளிசையைத் தொடர்வதா நிறுத்துவதா என்பதை அங்கே வைத்தியர்தான் நாளுக்கு நாள் பார்த்து முடிவெடுக்கவேண்டும், நாங்கள் மறைக்கக்கூடாது. வயலில் புடையன் கடித்தாலும் அப்படியே. புடையன் விசம் தாக்குவது உறைதல் வலையை, குளிசை தாக்குவது சிறுதட்டின் காதை. இரண்டு அணையும் ஒரே நேரத்தில் தளர்ந்திருக்கிறது என்பது கடிவாய்க்கு மருந்தேற்றுகிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மாமாவை அன்றே கிளினிக்குக் கூட்டிக்கொண்டு போனோம். ஈசிஜி எடுத்தார்கள், பிழையில்லை. மிஸி குளிசை அட்டையை வாங்கி, வெறுமையாகாத குமிழ்களை விரலால் ஒவ்வொன்றாக எண்ணினார். ஏசவில்லை. வைத்தியர் அன்று எத்தனை போடவேண்டும், மறுநாளிலிருந்து எப்படி என்று எழுதித் தந்தார்.

பஸ்சில் திரும்பி வரும்போது இந்தக் காதுக் கதை முழுவதையும் மாமாவுக்குச் சொன்னேன். பரந்தன் தாண்டும்வரை பேசாமல் கேட்டுக்கொண்டு வந்தார். பிறகு, "அப்ப அடைச்ச காது திரும்பத் திறவாதோ?" என்றார்.

"திறவாது மாமா. அந்தச் சிறுதட்டு செத்துப் புதுசுதான் வரும்."

"அப்ப நான் காலமையில போடுறது, நேற்று ராத்திரி பிறந்தவைக்கு."

ஓமென்றேன்.

இப்போது காலைத் தேத்தண்ணியோடு குளிசை தவறுவதில்லை. காலபோகத்துக்கு வயலில் இறங்கும்போது, கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தைப் போட்டோப்பிரதி எடுத்து மடித்த ஒரு தாளும், மாமி வெட்டிச் சுருட்டிக் கொடுத்த வெள்ளைத் துணியும் மண்வெட்டியோடு சேர்ந்து சைக்கிளில் போகின்றன.